மொட்டை: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

தமிழில் 'மொட்டை' என்னும் சொல் பெரும்பாலும் ஓர் இன்மையையே சுட்டுகிறது. கூரையில்லாத மாடி மொட்டை மாடி. கூண்டில்லாத வண்டி மொட்டை வண்டி. இலையுதிர்ந்து நிற்பது மொட்டை மரம். கையொப்பமில்லாமல் வருவது மொட்டைக் கடுதாசி. கூர் மழுங்கியது மொட்டைக் கத்தி. மதுரைக் கோயிலின் வடக்குக் கோபுரம் நெடுங்காலம் மேல்நிலைகள் முற்றுப்பெறாமல் நின்றமையால் மொட்டைக் கோபுரம் எனப்பட்டது. கட்டி முடித்த பின்னரும் அந்தப் பெயர் அதைவிட்டுப் போகவில்லை. ஒருவனை ஏமாற்றி அவன் கைப்பொருளைக் கவர்ந்துகொண்டால் 'நன்றாக மொட்டையடித்துவிட்டான்' என்கிறோம். எங்கெல்லாம் இருக்க வேண்டிய ஒன்று இல்லையோ அங்கெல்லாம் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஒட்டிவிடுவது நம் வழக்கம்.

மனிதத் தலைக்கு வரும்போது மட்டும் நம் பேச்சுமொழி ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காக்கிறது. காலம் பறித்துக்கொண்ட தலை வழுக்கை, அல்லது சொட்டை. கத்தி மழித்த தலை மொட்டை. 'மொட்டை போட்டான்' என்று சொல்லலாம். 'வழுக்கை போட்டான்' என்று எவரும் சொல்வதில்லை, 'வழுக்கை விழுந்தது' என்றே சொல்வர். முன்னது செயல், பின்னது நிகழ்வு. நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது செயலைப் பற்றியே. தாமே விரும்பித் தலையை மழித்துக்கொண்டு, அதனால் ஒரு கூட்டமாக அறியப்பட்டவர்களை ஊர் எந்தச் சொல்லால் ஏசியது, அந்தச் சொல்லை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. இந்தியாவில் இக்கேள்விக்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு நெருங்கிய வரலாறு உண்டு.

தலைமயிர் அன்றைக்கு வெறும் அழகுப் பொருளன்று, முகவரி. வசிட்ட குலத்தார் கொண்டையை வலப்புறம் முடிந்தவர்கள் என்று ரிக் வேதமே அடையாளம் சொல்கிறது. ஆத்திரேயர்க்கு மூன்று முடிச்சு, ஆங்கிரசர்க்கு ஐந்து குடுமி, பிருகு குலத்தார் முழுக்க மழித்தவர்கள் என்று பிற்காலச் சடங்கு நூல்களின் மரபு பட்டியலிடுகிறது. ஒருவன் தெருவில் நடந்து வரும்போதே அவன் இன்னான், இன்ன குலத்தான், எந்த வரிசையில் அமர்த்த வேண்டியவன் என்பதை அவன் குடுமி சொல்லிவிடும். நம் பழமொழிகளிலும் குடுமிக்கு இருக்கும் செல்வாக்கைக் கவனியுங்கள். 'அவன் குடுமி என் கையில்' என்றால் அவன் என் பிடிக்குள் அகப்பட்டுவிட்டான் என்று பொருள். குடுமி ஓர் அடையாளம். அதனாலேயே அது ஒரு பிடியும் ஆகிவிடுகிறது.

இந்தச் சூழலில்தான் கி.மு. ஆறு, ஐந்தாம் நூற்றாண்டுகளில் கங்கைச் சமவெளியில் சிரமணர்கள் தோன்றினர். வீட்டைத் துறந்தவர்கள், வேள்வியை மறுத்தவர்கள், பிறப்பின் உயர்வை ஒப்பாதவர்கள். புத்தரின் கூட்டத்தார் கத்தியால் மழித்துக்கொண்டனர். சமணத் துறவியர் கையால் மயிரைப் பறித்து நீக்கினர். இரு தரப்பாருக்கும் ஊர் வைத்த பெயர் ஒன்றே: 'முண்டர்'. வடமொழியிலும் பாகதங்களிலும் 'முண்ட' என்றால் மழித்த தலையன். திராவிட மொழிகளில் மழுங்கியது, குறைபட்டது என்னும் பொருளில் வழங்கும் மொட்டை, மொண்டி முதலிய சொற்களுக்கும் இதற்கும் உறவு உண்டா என்பது மொழியியலார் வாதிட்டுவரும் செய்தி. அதற்குள் நாம் புகவில்லை.

பாலி நூல்களில் இச்சொல் பெரும்பாலும் ஒரு 'க' விகுதியோடு வருகிறது: முண்டக, சமணக. இந்த விகுதி இங்கே இழிவுக் குறிப்பு. 'மொட்டைத் துறவி' என்று சொல்வதற்கும் 'மொட்டைப்பயல்' என்று சொல்வதற்கும் தமிழில் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு அந்த ஓரெழுத்துக்குள் இருக்கிறது. (உபநிடதம் ஒன்றுக்கும் முண்டகம் என்றே பெயர். சங்கச் செய்யுளில் முண்டகம் என்பது நீர்முள்ளி. பின்னர்த் தாமரையும் ஆயிற்று. உபநிடதத்தின் பெயருக்கும் பூவுக்கும் தொடர்பில்லை என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

சுத்த நிபாதத்தில் மூன்று காட்சிகளுக்கு இடமுண்டு என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினோம். இரண்டு அங்கே கிடைக்கின்றன, மூன்றாவது மச்சிம நிகாயத்தில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் துலங்கும்.

முதலாவது, சாவத்தி நகரில். அக்கிக பாரத்துவாசன் என்னும் அந்தணன் வீட்டில் வேள்வித் தீ எரிந்துகொண்டிருக்கிறது. பிச்சைக்கு வரும் புத்தரைத் தொலைவிலேயே கண்டவன், அங்கேயே நில் என்று அதட்டி மூன்று வசைகளை அடுக்குகிறான்: மொட்டையன், அற்பத் துறவி, இழிசினன். புத்தரின் மறுமொழியில் நாம் கவனிக்க வேண்டியது அவர் எதைப் பேசாமல் விட்டார் என்பதை. முதல் இரு வசைகளையும் அவர் தொடவேயில்லை. மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, இழிசினன் என்பவன் யார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டு, இழிவு பிறப்பால் வருவதன்று, நடத்தையால் வருவது என்று நீளப் பேசுகிறார். மொட்டை என்பதில் மறுக்க ஒன்றுமில்லை என்பதுபோல அதைக் கடந்துவிடுகிறார். வசையாக எறியப்பட்ட சொல் அவரிடம் வந்து சேரும்போது வெறும் விவரணையாக ஆகிவிடுகிறது.

இரண்டாவது காட்சி கோசல நாட்டில் சுந்தரிகை ஆற்றங்கரையில். வேள்வி முடித்த அந்தணன் ஒருவன் மிஞ்சிய அவிப்பொருளை ஏற்கத் தக்கவர் யாரேனும் உண்டா என்று நாற்புறமும் பார்க்கிறான். மரத்தடியில் தலையை மூடிக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஒரு கையில் உணவும் மறு கையில் நீர்க்கலமுமாக அருகே போகிறான். காலடியோசை கேட்ட புத்தர் தலைமேலிருந்த துணியை விலக்குகிறார். அட, மொட்டை! திரும்பிவிட நினைத்தவன் ஒரு கணம் தயங்குகிறான். அந்தணரிலும் மழித்தவர் சிலர் உண்டே, எதற்கும் கேட்டுவிடுவோம் என்று அவர் குலத்தைக் கேட்கிறான். பிருகு குலத்தார் பற்றிய சடங்கு மரபோடு வைத்துப் பார்த்தால் அவன் தயக்கம் எவ்வளவு இயல்பானது என்பது விளங்கும். குலம் காட்டும் குடுமி இல்லாதபோது வாயால் கேட்டறிய வேண்டியதாகிறது. புத்தர் அந்தக் கேள்வியையே ஏற்க மறுத்து, பிறப்பைக் கேட்காதே, நடத்தையைக் கேள் என்கிறார். துணியால் மூடியிருந்த தலை அவனை அருகே வரவழைத்தது. மழித்த தலை அவனைக் குழப்பிற்று. இந்தக் குழப்பத்தைச் சிரமணர்கள் விரும்பியே உண்டாக்கினர் என்று கருத இடமுண்டு.

மூன்றாவதே நம் மனத்துக்கு மிக நெருங்கியது. கசியப புத்தரின் காலத்தில் கடிகாரன் என்னும் குயவனும் சோதிபாலன் என்னும் அந்தண இளைஞனும் நண்பர்கள். கசியபரைக் காணப் போகலாம் வா என்று குயவன் மூன்று முறை அழைக்கிறான். அந்த மொட்டைச் சாமியாரைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று மூன்று முறையும் தட்டிக்கழிக்கிறான் நண்பன். சரி, ஆற்றுக்குக் குளிக்கப் போவோம் என்று இருவரும் போகின்றனர். குளித்த பின் மறுபடியும் அழைப்பு, மறுபடியும் அதே மறுமொழி. குயவன் நண்பனின் இடைக்கச்சையைப் பிடித்து இழுக்கிறான், விடுவித்துக்கொள்கிறான். அப்போது கடிகாரன் செய்த செயலை நாம் அன்றைய சமூகத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். தலை முழுகி நின்ற அந்தணனின் கூந்தலைக் குயவன் கையால் பற்றிவிடுகிறான். சோதிபாலன் திகைக்கிறான். நம்மினும் தாழ்ந்த பிறப்பினன் நம் தலைமயிரைத் தொடத் துணிந்தான் என்றால், இவன் அழைக்கும் இடம் அற்பமானதாக இருக்க முடியாது என்று எண்ணி உடன் செல்கிறான். சென்றவன் மழித்துத் துறவு பூணுகிறான். கதையின் முடிவில் புத்தர், அந்தச் சோதிபாலன் வேறு யாருமில்லை, முற்பிறப்பில் நானே என்கிறார். மொட்டை என்று ஏசியவரும் அவரே. பிறகு அந்த ஏச்சுக்கு இலக்கானவரும் அவரே. சித்தார்த்தர் ஆறாண்டுகள் உடலை வருத்தித் தவித்தது அந்தப் பழைய வசைச்சொல்லின் வினைப்பயன் என்று பிற்காலப் பௌத்த மரபு கணக்கும் வைத்திருக்கிறது.

பிடிக்கக் கிடைத்த குடுமியால்தான் சோதிபாலன் துறவுக்குள் இழுக்கப்பட்டான். அங்கே போனதும் அவன் முதலில் இழந்தது அந்தப் பிடியைத்தான்.

சங்கத்தின் உள்ளே இந்த மழிப்பு எப்படி நடந்தது? துறவு புகுவோனின் தலை மழிக்கப்படும்போது அவனுக்குத் தரப்படும் முதல் பாடம் ஐந்து சொற்களாலானது: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். தன் மடியில் விழும் மயிரைப் பார்த்துக்கொண்டே அவன் அந்த ஐந்தையும் முன்னும் பின்னுமாகச் சொல்ல வேண்டும். ஏழு வயதில் துறவு பூண்ட மல்லர் குலத்துத் தப்பன், மயிர் கழிந்துகொண்டிருக்கும்போதே முழு ஞானம் அடைந்தான் என்பது உரைமரபு. தலைமயிர் இரண்டு மாதத்துக்கு மேல், அல்லது இரண்டு விரற்கடைக்கு மேல் வளரலாகாது என்று வினய நூல் அளவும் குறித்துவிட்டது. வெளியே வசையாக வழங்கும் சொல்லுக்கு உள்ளே இப்படி ஒரு பாடமும் ஒரு நாட்கணக்கும் ஒரு கூட்டு நினைவும் சேர்ந்துகொண்டன.

கத்தி பிடித்தவனை மறந்துவிட்டு மழித்த தலையைப் பற்றிப் பேசுவது நியாயமன்று. அனுருத்தன், ஆனந்தன், தேவதத்தன் முதலான சாக்கிய இளவரசர் அறுவர் துறவு பூணப் புறப்பட்டபோது உடன் சென்றவன் உபாலி என்னும் நாவிதன். நாட்டெல்லையில் அவர்கள் தம் அணிகலன்களைக் கழற்றி அவனிடம் தந்து, நீ வாழ்வதற்கு இது போதும், திரும்பிப் போ என்றனர். உபாலி சிறிது தூரம் நடந்து யோசித்தான். இந்த மூட்டையோடு ஊருக்குள் போனால் இளவரசரைக் கொன்றவன் இவனே என்று சாக்கியர் என்னைத் தீர்த்துக்கட்டுவர் என்று அஞ்சி, மூட்டையை ஒரு மரத்தில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்தான். புத்தரின் முன் நின்ற இளவரசர்கள் வைத்த வேண்டுகோள் இதுதான்: சாக்கியராகிய நாங்கள் செருக்குடையவர்கள், எங்களுக்கு ஏவல் செய்த இவனை முதலில் துறவியாக்குங்கள், இவனுக்கு நாங்கள் வணங்கி எழ வேண்டும், எங்கள் செருக்கு அடங்கட்டும். துறவு புகுந்த வரிசைப்படியே மூப்பு என்பதால், அந்த ஒரு சில நாழிகை முந்துதலால் நாவிதர் இளவரசருக்கு மூத்தவரானார். பின்னர் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் வினயம் முழுவதையும் ஓதி உறுதிசெய்தவர் இந்த உபாலியே. மழித்த தலைகளின் கூட்டத்துக்கு ஒழுக்கநூல் தந்தவர் ஒரு மழிப்பவர்.

சமணர் வேறு வகையில் அந்தச் சொல்லை உடைமையாக்கிக்கொண்டனர். வீடு துறப்பதைக் குறிக்கும் அவர்களது ஆகமத் தொடரே 'முண்டனாகி' என்றுதான் தொடங்கும். தானாங்க சூத்திரம் முண்டர் பத்து வகை என்று எண்ணுகிறது. செவி, கண், மூக்கு, நா, உடல் என ஐம்பொறிகளை மழித்தவர் ஐவகை. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகியவற்றை மழித்தவர் நால்வகை. தலையை மழித்தவர் பத்தாவது. தெருவில் போகிறவன் வீசிய வசையை எடுத்து இலக்கணம் வகுத்து, அவன் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கடைசி வரிசையில் வைத்துவிட்ட இந்த நிதானத்தை எண்ணி எண்ணி வியக்கலாம். எதிரி தந்த பெயரை ஏற்பதா மறுப்பதா என்பதில் எல்லாக் கூட்டமும் ஒரே வழியில் போவதில்லை. 1641இல் இலண்டனில், குட்டையாக முடிவெட்டிய பாராளுமன்றக் கட்சியாரை மன்னர் கட்சியார் 'ரவுண்ட்ஹெட்' என்று ஏசினர். அவர்களோ அந்தச் சொல்லைக் கடைசிவரை வெறுத்தனர். அவர்கள் அமைத்த புதிய படையில் சக வீரனை அப்படி அழைப்பது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. வரலாறு அவர்களை இன்று அந்தப் பெயரால்தான் அறிகிறது.

தமிழகத்துக்கு வருவோம். மழித்தலும் நீட்டலும் தேவையில்லை என்று வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் சொல்லும்போது, அவர் காலத்துத் தெருவில் இரு வகைத் தலைகளும் நடமாடியிருக்கின்றன என்பது தெரிகிறது. சமணர் செய்வது பறித்தல்தானே, அது குறளில் இல்லையே என்று ஒருவன் கேட்கக்கூடும் என்று பரிமேலழகர் முன்கூட்டியே உணர்ந்து, பறித்தலும் மழித்தலுள் அடங்கும் என்று ஒரு வரி எழுதி வாயடைத்துவிட்டார். தலை மழித்தவன் அதனாலேயே துறவியாகிவிடமாட்டான் என்று தம்மபதமும் சமணரின் உத்தராத்தியயனமும் சொல்லியிருக்கின்றன என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இக்குறளை இந்தக் கூட்டத்தின் மீதான தாக்குதலாக மட்டும் படிப்பது குறைப்படிப்பு. அந்தக் கூட்டம் தனக்குள் சொல்லிக்கொண்டதும் இதையேதான்.

பக்தி இயக்கக் காலத்தில் தொனி மாறிவிடுகிறது. சடையுடைய கடவுளை வழிபட்டவர்களுக்குப் பறிதலை கேலிக்குரியதாயிற்று. தேவாரப் பதிகங்களில் சமணரைச் சுட்டும் வசைகளில் மயிர் பறித்தல் மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றுள் நம்மை நிறுத்துவது அப்பரின் குரல். மற்றவர்க்கு அது அயலார் தலை. அவர்க்கு அது தம் தலை. தருமசேனர் என்னும் பெயரோடு சமணத் துறவியாக இருந்தவர் அவர் என்கிறது பெரியபுராணம். தம் தலையில் தாமே பட்ட வேதனையின் நினைவு அந்த வசைக்குள் கலந்திருப்பதால்தான் அது மற்றவர்களின் வசையைப் போல ஒலிப்பதில்லை என்று தோன்றுகிறது. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. நம் கோயில்களில் காணும் அப்பர் படிமங்கள் பலவற்றில் உழவாரம் தோளில் சாய்ந்திருக்க, தலை மழித்த தலையாகவே இருக்கிறது. சமணத்தை விட்டு வந்தவரைச் சைவம் வணங்கும்போதும் மொட்டையோடுதான் வணங்குகிறது.

அதே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் என்னும் வடமொழி நகைநாடகம் காஞ்சித் தெருவில் நிகழ்கிறது. கபாலத்தைத் தொலைத்துவிட்ட காபாலிகன் ஒருவன், எதிரே வந்த நாகசேனன் என்னும் பௌத்த பிட்சுவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். (உண்மையில் அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய்.) சண்டையில் காபாலிகனின் துணைவி தேவசோமை பாய்ந்து பிட்சுவின் தலைமயிரைப் பற்றப் போகிறாள்; பற்ற ஒன்றுமில்லாமல் கீழே விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தர் எவ்வளவு முன்யோசனைக்காரர் என்று பிட்சு தனக்குள் மெச்சிக்கொள்கிறான். சிரிப்பதற்காக எழுதப்பட்ட காட்சிதான். ஆனால் கடிகாரன் கையில் அகப்பட்ட கூந்தலை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்க்கு, ஆயிரம் ஆண்டு நடந்த ஒரு வாதத்தைப் பல்லவ மன்னன் ஒரே தள்ளுமுள்ளில் காட்டிவிட்டான் என்று தோன்றாமல் போகாது.

வைதிகத் துறவிலும் இந்த வழக்கு தீரவில்லை. அத்வைதத் துறவி குடுமியையும் பூணூலையும் களைந்து முழுக்க மழித்துக்கொள்கிறார். வைணவ ஜீயர் முக்கோலோடு குடுமியையும் பூணூலையும் வைத்துக்கொள்கிறார். எது முறை என்று இரு தரப்பாரும் எழுதிய வாதநூல்கள் ஏராளம். விவரம் தேவைப்படுவோர் அவற்றுள் இறங்கலாம்; நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இதுவரை சொன்னது ஆண்களின் கதை. பௌத்தப் பிக்குணிகளும் மழித்துக்கொண்டவர்களே. யாரைக் குறித்து மொட்டையடித்துக்கொண்டாய் என்று சீசுபசாலை என்னும் பிக்குணியை மாரன் சீண்டும் ஒரு காட்சி பாலி நூலில் உண்டு. நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் பெயரே, சமணத் துறவில் பனங்கருக்கால் பறிக்கப்பட்ட கூந்தல் மீண்டும் சுருண்டு முளைத்ததால் வந்தது என்பது பௌத்த உரைக் கதை. இவர்கள் தாமே முன்வந்து தலை கொடுத்தவர்கள்.

தாமே முன்வராத தலைகளும் இருந்தன. கணவனை இழந்த அந்தணப் பெண்களை உட்காரவைத்து மழித்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நம் அக்கிரகாரங்களில் நடந்தது. பத்து வயதும் நிரம்பாத குழந்தைகளும் அதற்குத் தப்பவில்லை. 'முண்ட' என்னும் அதே சொல்லின் பெண்பால் தமிழில் 'முண்டை' ஆகி, கைம்பெண்ணைக் குறித்து, பின்னர்த் தெருச்சண்டையின் மிகக் கேவலமான வசைகளுள் ஒன்றாகத் தங்கிவிட்டது. இன்று அதை வாய்கூசாமல் உச்சரிப்பவர்களில் எத்தனை பேருக்கு அதற்குள் ஒரு நாவிதன் கத்தியும் அழுகின்ற ஒரு சிறுமியும் இருப்பது தெரியும்? சொல்லின் வேர் ஒன்று, செயல் ஒன்று, கத்திகூட ஒன்றுதான். ஆணுக்கு அது உபநிடதத்தின் பெயராகவும் ஆகமத்தின் இலக்கணமாகவும் உயர்ந்தது. பெண்ணுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. மழித்துக்கொண்ட ஆண்கள் சங்கமாகக் கூடினர், ஒருவர் தலையை ஒருவர் மழித்தனர், தம்மைப் பற்றித் தாமே நூல் எழுதினர். மழிக்கப்பட்ட பெண்கள் தனித்தனி வீடுகளின் கொல்லைப்புற அறைகளில் ஒருவரையொருவர் காணாமல் கிடந்தனர். வசையைத் திருப்பிப் பிடிக்க ஒரு கூட்டம் வேண்டும். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) இளங்கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து அவர்களைப் படிக்கவைத்தபோதுதான் அப்படியொரு கூட்டம் தமிழ்ப் பெண்களுக்கு அமைந்தது. அவரும் குழந்தைக் கைம்பெண்ணே. அவர் தலையில் கத்தி படாமல் பெற்றோர் காத்தனர்.

1890இல் பம்பாயில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்நகரத்து நாவிதர்கள் கூட்டம் கூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். உயர்குலத்துச் சீர்திருத்தக்காரர்கள் சாத்திர மேற்கோள்களை அடுக்கி விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், கத்தியைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்தனர். உபாலியின் வழிவந்த தொழிலார் என்று அவர்களை எண்ணிப் பார்க்க நமக்கு விருப்பமாக இருக்கிறது. தமிழ்ப் பேச்சுவழக்கோ அந்தத் தொழிலுக்குச் செய்த மரியாதை வேறு. மழித்தல் என்றால் குறள். சிரைத்தல் என்றால் வசை. 'இத்தனை நேரம் என்ன சிரைத்துக்கொண்டிருந்தாய்' என்று கேட்கிற வாய்தான், பழனியில் முடி காணிக்கை செலுத்தும்போது அதே தொழிலாளியின் முன் தலைகுனிந்து மௌனமாக அமர்கிறது.

பழனியும் திருப்பதியும் மொட்டைக்கு நம் காலத்தில் வேறொரு வாழ்வு தந்திருக்கின்றன. திருமலையின் கல்யாணக் கட்டாவில் அமர்ந்து எழுபவர்களிடம், சந்தனம் பூசிய அந்த வேளையில், மேலதிகாரி யார், எழுத்தர் யார் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. 'திருப்பதியில் மொட்டையைத் தேடுவது போல' என்று நாம் சொல்வதன் பொருளும் அதுதான். ஊர் திரும்பிய பின் சில வாரங்கள் அவர்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது. பேருந்திலோ அலுவலகத்திலோ முன்பின் அறியாத இரு மொட்டைகள் சந்தித்தால் பேச்சு தயக்கமின்றித் தொடங்கிவிடுகிறது.

துறவும் இல்லாமல் நேர்த்திக்கடனும் இல்லாமல் மழித்துக்கொள்பவர்கள் இப்போது பெருகியிருக்கின்றனர். வழுக்கை முன்னேறி வருவதைக் கண்டு, அது முழுதும் விழும்வரை காத்திராமல் தாமே முந்திக்கொண்டவர்கள் பலர். இவர்கள் 'சொட்டை' என்பதற்குச் சினம் கொள்வதும் 'மொட்டை' என்பதற்குச் சிரிப்பதும் நாம் தொடக்கத்தில் சொன்ன வேறுபாட்டின் உயிருள்ள சான்று. 2007இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தின் இறுதிப் பகுதியில் ரஜினிகாந்த் மழித்த தலையோடு தோன்றிய பின், 'மொட்டை பாஸ்' என்பது இத்தகையோருக்குக் கிடைத்த இலவசப் பட்டமாயிற்று. இளையராஜாவின் தீவிர ரசிகர்கள் தமக்குள் பேசும்போது அவரை 'மொட்டை' என்றே சொல்வதுண்டு. கேட்பவர்க்கு அது அவமதிப்பாகப் படலாம். சொல்பவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது. அந்த வட்டத்துக்கு வெளியே உள்ளவர் அதே சொல்லை அதே தொனியில் சொல்லிவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் இதெல்லாம் இன்னும் எளிமையாக நடக்கிறது. விடுமுறை முடிந்து மொட்டையோடு வருபவன் முதல் நாள் முழுவதும் தலையில் தட்டு வாங்குகிறான். மறுநாள் இன்னொருவனும் மொட்டையோடு வந்துவிட்டால், தட்டு வாங்கியவன் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான்: 'பழனியா, திருப்பதியா?'